நேதாஜியைச் சுமந்த நீர்மூழ்கியும் அது மூழ்கடித்த திலாவாவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நேதாஜி பிறந்த நாளையொட்டித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை, பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழி மாணவர்களுக்கு வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஊன்றிப் படித்தேன். 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து யு–180 என்னும் ஜெர்மன் நீர்மூழ்கியில் ஆபித் ஹசனுடன் புறப்பட்ட சுபாஷ் சந்திர போஸ், ஏப்ரல் 28 அன்று மடகாஸ்கருக்கு அப்பால் நடுக்கடலில் ரப்பர் மிதவை ஒன்றில் இறங்கி ஜப்பானின் ஐ–29 நீர்மூழ்கிக்கு மாறிய நிகழ்ச்சி எத்தனை முறை படித்தாலும் அலுக்காதது. தங்கள் கட்டுரையாளரும் அதைச் சுவை குன்றாமல் சொல்லியிருக்கிறார். ஐ–29இன் மாலுமிகள் போஸை வரவேற்ற விதத்துக்கும், அவர்களோடு அவர் எடுத்துக்கொண்ட புகழ்பெற்ற படத்துக்கும், மே மாதத் தொடக்கத்தில் சுமத்ரா அருகே சபாங் தீவில் அவர் கரையிறங்கியதற்கும் தாராளமாக இடம் கொடுத்தவர், அதே நீர்மூழ்கி அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன் இந்தியப் பெருங்கடலில் என்ன செய்தது என்பதற்கு ஒரு வரியும் ஒதுக்கவில்லை. அந்த விடுபாட்டைச் சுட்டிக்காட்டுவதற்காகவே இக்கடிதம்.

1942 நவம்பர் 23 அதிகாலையில், பம்பாயிலிருந்து ஆப்பிரிக்கா சென்றுகொண்டிருந்த எஸ்.எஸ். திலாவா என்ற பயணிகள் கப்பலை ஐ–29 டார்பிடோ வீசி மூழ்கடித்தது. கப்பலில் இருந்த 958 பேரில் 280 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். நீர்மூழ்கியின் தளபதி ஜூயிச்சி இசு. போஸை நடுக்கடலில் ஏற்றிக்கொண்டபோதும் அவர்தான் தளபதி.

திலாவாவைப் பற்றித் தமிழில் எழுதியவர்கள் அரிதாகையால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக 1924இல் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் கட்டப்பட்ட, ஏறத்தாழ 10,000 டன் கொள்ளளவுள்ள கப்பல் அது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் மலேயாவுக்கு ஆள் ஏற்றிச் சென்ற ரஜுலாவை நம் வீடுகளில் பெரியவர்கள் பெயர் சொல்லி நினைவுகூர்வார்கள் அல்லவா, அதை இயக்கிய அதே நிறுவனந்தான் இதையும் இயக்கியது. ரஜுலாவைப் போலவே இதுவும் முதல் வகுப்பு அறைகளில் சிலரையும், மேல்தளத்தில் பாய் விரித்துப் பெட்டி படுக்கையோடு செல்லும் பலரையும் ஏற்றிச் செல்வதற்கென்றே அமைந்தது. 1942 நவம்பர் 20 அன்று பம்பாயை விட்டுப் புறப்பட்டபோது 732 பயணிகளும் 222 பணியாளர்களும் பீரங்கிக்கெனத் தனியே அமர்த்தப்பட்ட நால்வரும் அதில் இருந்தனர். மொம்பாசா, லொரென்சோ மார்க்கேஸ் (இன்றைய மபூட்டோ), டர்பன் ஆகிய துறைமுகங்களை நோக்கிய பயணம். ஆப்பிரிக்கக் கரையில் கடை வைத்திருந்த குஜராத்திக் குடும்பங்கள், வேலைக்குத் திரும்பியவர்கள், பெண்கள், குழந்தைகள் என்று போரோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களே பயணிகளில் மிகுதி.

சீஷெல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே சுமார் 930 மைல் தொலைவில், நள்ளிரவு கடந்து இரண்டு மணியளவில், எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்தபோது முதல் டார்பிடோ தாக்கியது. எச்சரிக்கை எதுவும் தரப்படவில்லை. ஆனால் அந்த அடியில் கப்பல் உடனே மூழ்கிவிடவில்லை. இருட்டில் படகுகளை நோக்கி ஓடியவர்களில் பலர் அந்த நெரிசலிலேயே கடலில் விழுந்து மாண்டனர். சிறிது நேரம் சென்றும் கப்பல் நிலைத்து நின்றதைக் கண்டு, படகில் இறங்கியவர்களில் சிலர் திரும்பவும் ஏறிக்கொண்டிருந்த வேளையில் இரண்டாவது டார்பிடோ வந்தது. அத்துடன் திலாவா முடிந்தது. மிதவைகளிலும் படகுகளிலும் இரண்டு நாள்கள் தத்தளித்த பின்னர், அபாயச் செய்தி கேட்டு வந்த பர்மிங்காம் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் 674 பேரை மீட்டு நவம்பர் 27 அன்று பம்பாயில் கொண்டுவந்து சேர்த்தது. கார்த்தேஜ் என்ற இன்னொரு கப்பல் நால்வரைக் காப்பாற்றியது.

அந்த நிறுவனத்தின் கப்பல்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட குறிப்புகள் சிலவற்றில், இறப்புகளுக்குப் பெருங்காரணம் ‘உள்நாட்டுப் பயணிகளின் பீதி’ என்ற தொனியில் ஒரு கருத்து காணக் கிடைக்கிறது. நெரிசல் ஏற்பட்டது உண்மையே. நடுக்கடலில் நள்ளிரவில் உறக்கத்திலிருந்து வெடிச்சத்தத்தால் எழுப்பப்பட்டு, கைக்குழந்தையோடு படகைத் தேடிய தாய் வரிசையில் நின்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களோடு வாதிடுவதில் பயனில்லை. டார்பிடோவை ஏவியவர்களை விட்டுவிட்டு இறந்தவர்களின் நடத்தையை ஆராயும் இந்தப் பழக்கத்தையும், தங்கள் கட்டுரையாளரின் மௌனத்தையும் நான் ஒன்றாக வைத்துப் பேசவில்லை. இரண்டாவது எவ்வளவோ மேல். ஆனாலும் இரண்டினாலும் அந்த 280 பேர் கணக்கிலிருந்து நழுவிப் போகிறார்கள்.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. நேதாஜியின் புகழைக் குறைக்கும் உள்நோக்கத்தோடு ஒருவர் இதைக் கிளறுகிறாரோ என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். திலாவா மூழ்கிய நாளில் போஸ் பெர்லினில் இருந்தார். எந்த நீர்மூழ்கி எந்தக் கடலில் எதைத் தாக்க வேண்டும் என்பதில் அவருக்கு எள்ளளவும் பங்கில்லை. தம்மை ஏற்றிச் சென்ற கப்பலின் முந்தைய வரலாறு அவருக்குத் தெரியுமா என்பதும் இங்கே கேள்வியில்லை. கட்டுரையைப் படிப்பவருக்கு அது தெரிய வேண்டும் என்பதே என் வாதம். சொல்லப்போனால், போஸ் யு–180இல் பயணம் செய்துகொண்டிருந்தபோதே, ஏப்ரல் 18 அன்று, அந்த ஜெர்மன் நீர்மூழ்கி கோர்பிஸ் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை மூழ்கடித்தது. அவர் பயணம் செய்தது போர்க்கலங்களில். அவை வழியெல்லாம் தங்கள் வேலையைச் செய்துகொண்டேதான் வந்தன. இதை மறைத்துச் சொன்னால் அந்தப் பயணத்தின் அபாயமும் குறைந்துதான் தெரியும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. திலாவா எதிரி நாட்டுக் கொடி ஏந்திய கப்பல், அதில் பீரங்கி இருந்தது, 60 டன் வெள்ளிக் கட்டிகளும் இருந்தன, ஆகவே அது போர் இலக்குதான் என்பார்கள். கொடியும் பீரங்கியும் வெள்ளியும் உண்மையே. ஆனால் இந்தக் கேள்விக்கு அன்றைய உலகம் எழுத்திலேயே விடை தந்திருந்தது. 1936ஆம் ஆண்டின் லண்டன் உடன்படிக்கைப்படி, கடலின் மேலே செல்லும் போர்க்கப்பலுக்குரிய விதிகள் நீர்மூழ்கிக்கும் பொருந்தும். நிற்கச் சொல்லியும் நிற்க மறுக்கும் கப்பல், சோதனையை எதிர்க்கும் கப்பல் ஆகியவை நீங்கலாக வேறு எந்த வணிகக் கப்பலையும், அதில் உள்ள பயணிகளையும் பணியாளர்களையும் ஆவணங்களையும் பாதுகாப்பான இடத்தில் சேர்க்காமல் மூழ்கடிக்கக் கூடாது. கரை அருகிலோ உதவிக்கு வேறு கப்பலோ இல்லாத நடுக்கடலில் உயிர்காப்புப் படகைப் பாதுகாப்பான இடமாகக் கருதக் கூடாது என்பதும் அதிலேயே உண்டு. அந்த உடன்படிக்கையில் ஜப்பானும் கையெழுத்திட்டிருந்தது.

இந்த விதி ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்குத் தமிழருக்கு மிகவும் பழக்கமான சான்றே இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், வங்கக் கடலிலும் அரபிக்கடலிலும் வணிகக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தது. ஆனால் அதன் தளபதி ஃபான் முல்லர் ஒவ்வொரு கப்பலையும் நிறுத்தி, ஆள்களை இறக்கி, பிடிபட்ட இன்னொரு கப்பலில் ஏற்றிக் கரைக்கு அனுப்பிய பிறகே மூழ்கடித்தார். அதனால்தான் எதிரிகளே அவரைப் பாராட்டி எழுதினார்கள். (எம்டனில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை வந்தார் என்ற கதையை எங்கள் திருவனந்தபுரத்துக்காரர்கள் இன்றும் விடாமல் சொல்வார்கள். அதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் கிடையாது. இருந்தும் அந்தக் கதைக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் திலாவாவுக்குக் கிடைக்கவில்லை.)

நீர்மூழ்கியால் எம்டனைப் போல நடந்துகொள்ள முடியாது என்பதுதான் சிக்கலின் வேர். அதன் பலமே தண்ணீருக்கடியில் மறைந்திருப்பதுதான். மேலே வந்துவிட்டால் வணிகக் கப்பலின் பின்புறத்தில் பொருத்திய ஒரு சிறு பீரங்கிகூட அதன் உடலைத் துளைத்துவிடும். தன் மாலுமிகளுக்கே படுக்க இடம் போதாத கலத்தில் 900 பேரை ஏற்றிக்கொள்வது நடக்காத காரியம். எனவே விதியைக் கடைப்பிடித்தால் நீர்மூழ்கி பயனற்றுப் போகும், நீர்மூழ்கியைப் பயன்படுத்தினால் விதி பயனற்றுப் போகும் என்ற நிலையில், போரிட்ட நாடுகள் எல்லாமே விதியைத்தான் கைவிட்டன. 1915 மே 7 அன்று லுசிடானியா மூழ்கி ஏறத்தாழ 1,200 பேர் மடிந்தபோது ஜெர்மனியைக் காட்டுமிராண்டி என்று சாடிய அமெரிக்கா, 1941 டிசம்பரில் தான் போரில் இறங்கிய முதல் நாளிலிருந்தே பசிபிக்கில் ஜப்பானியக் கப்பல்களை எச்சரிக்கையின்றித் தாக்கக் கட்டளையிட்டது. 1944 ஆகஸ்ட் 22 அன்று ஒகினாவாவிலிருந்து பள்ளிப் பிள்ளைகளைப் பாதுகாப்புக்காக ஏற்றிச் சென்ற சுஷிமா மாரு என்ற கப்பலை போஃபின் என்ற அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்ததில் 700க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். போர் முடிந்து நியூரம்பர்க்கில் ஜெர்மன் கடற்படைத் தலைவர் டோனிட்ஸ் மீது வழக்கு நடந்தபோது, நீர்மூழ்கி விதிகளை அவர் மீறியதாகத் தீர்ப்பாயம் கண்டது. ஆனால் பிரிட்டனும் அமெரிக்காவும் அதே முறையில் போரிட்டதைக் கருத்தில் கொண்டு, அந்த மீறல்களுக்காக அவருடைய தண்டனையைக் கணக்கிடவில்லை என்றும் வெளிப்படையாகவே எழுதி வைத்தது. அமெரிக்கத் தளபதி நிமிட்ஸ் தாமே அளித்த எழுத்து வாக்குமூலம் அதற்கு உதவியது.

எல்லோரும் செய்தார்கள் என்பதால் ஜப்பான் செய்தது சரியாகிவிடாது, ஜப்பான் மட்டுமே செய்தது என்று காட்டுவதும் நேர்மையாகாது. ஆனால் லுசிடானியாவில் இறந்தவர்களுக்கும் சுஷிமா மாருவில் இறந்தவர்களுக்கும் நினைவிடங்களும் அருங்காட்சியகங்களும் இருக்கின்றன. அவரவர் நாட்டார் அவரவர் பிள்ளைகளை மறக்கவில்லை. திலாவாவின் பயணிகளோ பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்களாக, ஜப்பானியக் கலத்தால் கொல்லப்பட்டவர்கள். பேரரசுக்கு அவர்கள் மேல்தளப் பயணிகள். விடுதலை பெற்ற இந்தியாவுக்கோ, போஸின் நட்பு நாடாக நினைவில் பதிந்துவிட்ட ஜப்பானோடு சேர்த்துச் சொல்ல அவர்கள் வசதிப்படாதவர்கள். இரண்டு கதைக்குள்ளும் அவர்களுக்கு இடமில்லாமல் போனதற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

அந்த மனிதர்களை மறந்த உலகம் அவர்களோடு மூழ்கிய வெள்ளியை மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்க அரசு நாணயம் அடிப்பதற்காக வாங்கி, பம்பாயில் ஏற்றப்பட்ட வெள்ளி அது. மொத்தம் 2,364 கட்டிகள். சுமார் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்த கப்பலைக் கண்டறிந்த ஒரு தனியார் மீட்பு நிறுவனம், 2017இல் அவற்றை மேலே எடுத்து இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், மீட்புக் கூலி கேட்டு வழக்குத் தொடர்ந்தது. தென்னாப்பிரிக்கா, அது தன் அரசுச் சொத்து, தன் மீது அயல்நாட்டு நீதிமன்றத்தில் வழக்காட முடியாது என்று வாதிட்டது. கீழ்நீதிமன்றங்கள் மீட்பு நிறுவனத்தின் பக்கம் நின்றன. 2024 மே மாதம் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தென்னாப்பிரிக்காவின் விலக்குரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. மூழ்கிய கப்பலின் வயிற்றில் கிடந்த வெள்ளி வணிகப் பயன்பாட்டில் இருந்ததா இல்லையா என்பதைப் பற்றி மூன்று படிநிலை நீதிமன்றங்கள் பக்கம் பக்கமாக ஆராய்ந்திருக்கின்றன. கட்டிகளின் எண்ணிக்கையில் ஒன்றுகூடத் தவறவில்லை. வழக்குச் செய்திகளின் வாலாகத்தான் 280 பேர் இறந்த செய்தி நம் நாளிதழ்களை எட்டியது. 2022இல், எண்பதாம் ஆண்டில், உயிர் தப்பியவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் மும்பையில் கூடி நினைவேந்தல் நடத்தினார்கள். அரசு முன்னின்று செய்ததன்று. குடும்பங்கள் தாமாகத் தேடி ஒருவரையொருவர் கண்டுபிடித்துச் செய்தது.

குஜராத்திக் குடும்பங்களின் துயரத்துக்குக் கொழிஞ்சாம்பாறைக்காரன் ஏன் தமிழ் நாளிதழுக்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். ஜப்பானிய நீர்மூழ்கி எங்கள் மலபார்க் கரைக்கு அயலான பொருள் அன்று. இந்திய விடுதலைக்காகப் பினாங்கில் பயிற்சி பெற்ற வக்கம் காதர் முதலிய இளைஞர்கள் 1942 செப்டம்பரில், அதாவது திலாவா மூழ்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்றில் வந்து தானூர் அருகே கரையிறங்கினார்கள். உடனே பிடிபட்டு, 1943 செப்டம்பர் 10 அன்று காதர் தம் 26ஆம் வயதில் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். மலையாளத்தில் அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் தூக்கிலிடப்பட்டது நம் சென்னையில் என்றாலும் தமிழில் அவரைப் பற்றிய பேச்சு குறைவு. போஸ் அமைத்த பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையை நடத்திய லட்சுமியின் தாய்வழி ஊரான ஆனக்கரையும் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தப் படையிலும் இந்திய தேசிய ராணுவத்திலும் மலேயாத் தோட்டங்களிலிருந்து சென்று சேர்ந்த தமிழர்கள் எத்தனை ஆயிரம் என்பது தங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே ஆண்டுகளில், அதே தோட்டங்களிலிருந்து, அதே ஜப்பானியரால் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டுக் காலராவிலும் பட்டினியிலும் மாண்ட தமிழர்களும் பல்லாயிரவர். ஒரே குடும்பத்தில் ஓர் அண்ணன் போஸின் படையிலும் தம்பி அந்த ரயில் பாதையிலும் இருந்திருக்கக்கூடிய காலம் அது. இந்த இரண்டு நினைவுகளையும் சேர்த்துச் சுமக்கப் பழகிய சமூகத்துக்கு, ஐ–29இன் இரண்டு வரலாறுகளையும் சேர்த்துக் கேட்கும் பக்குவம் இல்லாமலா போகும்?

வகுப்பறையில் நான் கண்டதும் அதுவே. பணியின் பிற்பகுதியில், போஸின் பயணத்தைச் சொல்லும்போதெல்லாம் திலாவாவையும் சொல்லத் தொடங்கினேன். பிள்ளைகளுக்குப் போஸ் மீதான மதிப்பு அதனால் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பதிலாக, அந்த நீர்மூழ்கிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். 1944 ஜூலை 26 அன்று பிலிப்பைன்ஸுக்கு வடக்கே, ஜெர்மனியிடமிருந்து பெற்ற ஜெட் விமானத் தொழில்நுட்பக் குறிப்புகளோடு ஜப்பான் திரும்பும் வழியில், சாஃபிஷ் என்ற அமெரிக்க நீர்மூழ்கியின் டார்பிடோவால் அதுவும் மூழ்கடிக்கப்பட்டது. அப்போது அதற்குத் தளபதி வேறொருவர். ‘அதிலிருந்தவர்களை யாராவது காப்பாற்றினார்களா?’ என்பதுதான் அடுத்து வந்த கேள்வி. வயதில் பெரியவர்கள் பலர் கேட்காத கேள்வி அது.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. போஸின் நீர்மூழ்கிப் பயணத்தைப் பற்றி இனி எழுதும் எந்தக் கட்டுரையிலும் ஐ–29இன் பெயர் வருமிடத்தில் திலாவாவின் பெயரும் தேதியும் எண்ணிக்கையும் ஒரே வரியிலேனும் வர வேண்டும். அதற்காகும் இடம் மிகக் குறைவு. அடுத்து, இந்த ஆண்டு நவம்பர் 23ஐ ஒட்டி அக்கப்பலைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வெளியிட வேண்டும். தங்கள் நாளிதழ் டர்பனிலும் மொம்பாசாவிலும் இணையத்தின் வழியே படிக்கப்படுகிறது. 1860 முதல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே இருக்கிறார்கள். போர்க்காலத்தில் அந்தக் கடல் வழியில் பயணம் செய்தவர்களின் பெயர், ஊர், கடிதம், படம் என எது எந்தக் குடும்பத்தில் இருந்தாலும் அனுப்பித் தருமாறு அக்கட்டுரையின் கீழே அறிவிப்பொன்று போட்டால் வருவது வரட்டும். வருகிறவற்றைச் சரிபார்த்து ஒழுங்குபடுத்தும் வேலையில், சம்பளம் எதிர்பாராமல், நானும் எங்கள் ஊர் வாசகசாலை நண்பர்களும் துணை நிற்க ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.